ஈயக் கணக்கு

சொல்லைத் தோட்டா என்பது நம் கவிதையில் பழகிப்போன ஒரு சௌகரியம். கோஷக் கவிதை எழுதுகிறவர்கள் மட்டுமல்ல, கோஷத்தைக் கேலிசெய்கிறவர்களும் அசந்த நேரத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். இந்தப் படிமத்தின் அழகியல், அரசியல் பற்றியெல்லாம் நிறையப் பேசியாயிற்று. எனக்கு அதன் உலோகத்தைப் பற்றிப் பேசத் தோன்றுகிறது. ஏனென்றால் அச்செழுத்தும் துப்பாக்கிக் குண்டும் சில நூற்றாண்டுகள் ஒரே உலோகக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவை. படிமமாக அல்ல, ஸ்தூலமாகவே.

ஈயம் என்ற ஒரே பெயரில் நாம் இரண்டு உலோகங்களைப் புழங்குகிறோம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே பூசுவதும் அதுதான். காரீயம் வேறு. கனமானது, நகத்தால் கீறினால் கோடு விழும், 327 டிகிரி செல்ஷியஸில் உருகிவிடும். இரும்பை வார்க்க உலைக்களம் வேண்டும். காரீயத்துக்கு வீட்டடுப்பும், ஒரு இரும்புக் கரண்டியும், பாக்குவெட்டி போலத் திறந்து மூடும் ஒரு அச்சும் போதும். யுத்தம் சமையலறைக்குள் நுழைய முடிந்தது இந்த எளிமையால்தான்.

ஆனால் தனிக் காரீயம் சொன்னபடி கேட்பதில்லை. அச்சின் மூலைகளுக்குள் போகாமல் மொண்ணையாக நின்றுவிடும். கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் ஓட்டம் வருகிறது, மூலைமுடுக்கு நிறைகிறது. கண்மைக்கு அரைத்த அஞ்சனக்கல்லிலிருந்து எடுக்கும் ஆண்டிமனியைச் சேர்த்தால் கலவை இறுகுகிறது, ஆறும்போது சுருங்குவதும் குறைகிறது. உருகியதன் மேல் படரும் கசடை அப்படியே வழித்தெறிந்தால் விலை உயர்ந்த வெள்ளீயமும் கூடப் போய்விடும். அதனால் ஒரு துண்டு மெழுகைப் போட்டுக் கிளறி, முடிந்த மட்டும் அதை உள்ளே திருப்பிவிட்டு, பிறகே மேலே மிதப்பதை எடுக்கிறார்கள். இந்த வித்தை எழுத்து வார்ப்பவனுக்கும் தெரியும், குண்டு வார்ப்பவனுக்கும் தெரியும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் மஸ்கட் துப்பாக்கிக்கு இந்தக் கலவைச் சூட்சுமம் எதுவும் தேவைப்படவில்லை. குழலுக்குள் தளர்வாக இறங்கும் உருண்டைக்கு மெத்தென்ற காரீயமே உகந்தது. எந்தக் காரீயமும் ஆகும். ராஜாவின் காரீயமும் ஆகும்.

1765ல் பிரிட்டன் தன் அமெரிக்கக் குடியேற்றங்களில் முத்திரை வரி விதித்தது. பத்திரிகை, துண்டுப் பிரசுரம், பத்திரம் என்று காகிதத்தில் அச்சாகும் அனேகமாக எல்லாவற்றின் மீதும் வரி. எதிர்ப்புக்குப் பணிந்து 1766ல் அதைத் திரும்பப் பெற்றதும், நியூயார்க் நகரம் நன்றிப் பெருக்கில் மூன்றாம் ஜார்ஜுக்குச் சிலை வைக்கத் தீர்மானித்தது. 1770ல் சிலை நிறுவப்பட்டது. குதிரைமேல் அமர்ந்த ராஜா. காரீயத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசியது. ஏறத்தாழ 4,000 ராத்தல் எடை. அச்சுக் காகிதத்துக்குக் கிடைத்த விடுதலையைக் கொண்டாட அச்செழுத்தின் உலோகத்திலேயே ஒரு ராஜா. இந்தப் பொருத்தத்தை அன்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

1776 ஜூலை 9ம் தேதி சுதந்திரப் பிரகடனம் நியூயார்க்கில் வாஷிங்டனின் படைக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அன்று மாலையே கூட்டம் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளிவிட்டது. மறுநாள் வாஷிங்டன், உற்சாகம் சரிதான், ஆனால் இதை உரிய அதிகாரிகளிடம் விட்டிருக்க வேண்டும் என்று கடிந்துகொண்டார். உடைந்த ராஜா கப்பலில் நார்வாக் துறைக்கும், அங்கிருந்து மாட்டு வண்டியில் கனெக்டிகட்டின் லிச்ஃபீல்ட் என்ற ஊருக்கும் போனார். பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஆலிவர் வோல்காட்டின் வீடு அங்கே இருந்தது.

அந்த வீட்டில் நடந்த வேலைக்கு ஒரு கணக்குச் சீட்டு இருக்கிறது. யார் எத்தனை தோட்டா செய்தார்கள் என்ற கணக்கு. காரீயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பதும், அதை மருந்தோடு காகிதத்தில் சுருட்டுவதும் வேலை. 1857ல் நம் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்ததும் இப்படிப்பட்ட காகிதத் தோட்டாவைத்தான். திருமதி மார்வின் 6,058. ரூத் மார்வின் 11,592. வோல்காட்டின் மகள் லாரா 8,378. இன்னொரு மகள் மேரி ஆன் 10,790. திருமதி பீச் 1,802. மகன் ஃப்ரெடரிக் 936. பலர் சேர்ந்து செய்தது 2,182. ஊர்க் காவல் படைக்குக் கொடுத்தது 50, ஒரு ரெஜிமெண்டுக்குக் கொடுத்தது 300. மொத்தம் 42,088. கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது.

சிலை விழுந்த காட்சியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள் விரும்பி வரைந்தார்கள். கயிறு, தீப்பந்தம், கூச்சல், சாயும் குதிரை. சரித்திரம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நமக்குப் பழக்கியும்விட்டார்கள். இழுத்துத் தள்ளியது ஒரு மாலை நேர வேலை. லிச்ஃபீல்ட் வேலையோ கரண்டி கரண்டியாக, ஒரே அசைவைப் பல்லாயிரம் தடவை செய்தது. அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஃப்ரெடரிக்குக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. காரீயம் சுடப்பட்டவனை மட்டும் கொல்வதல்ல, அதைக் கையாள்கிறவன் உடம்பிலும் மெல்லச் சேரும் விஷம். கணக்குச் சீட்டில் அதற்குப் பத்தி கிடையாது.

அதே யுத்தத்தில் அச்சுத் தொழிலும் தன் பங்கைக் கொடுக்க நேர்ந்தது. பென்சில்வேனியாவில் எஃப்ராட்டா என்ற ஊரின் ஜெர்மன் துறவிகள், ஆயுதம் ஏந்த மறுத்த தியாகிகளின் சரித்திரத்தைப் பெரும் புத்தகமாக 1748-49ல் அச்சிட்டிருந்தார்கள். பைண்டு செய்யாமல் மிஞ்சியிருந்த பிரதிகளைச் சிப்பாய்கள் தோட்டாக் காகிதத்துக்காக அள்ளிக்கொண்டு போனார்கள். சுட மாட்டேன் என்று செத்தவர்களின் கதையைச் சுருட்டிச் சுட்டார்கள்.

நம் பக்கத்திலும் ஈயம் சும்மா இருக்கவில்லை. 1713ல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துக்கள் அளவில் பெரியவை, காகிதம் தாங்கவில்லை. சின்ன எழுத்து வார்க்க உலோகம் இல்லாமல், பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள். 1715ல் முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு அந்தச் சிக்கனத்தில் அச்சானது. பிறகு 1761ல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயப் படை கொள்ளைப் பொருளாக ஒரு அச்சு யந்திரத்தையும் சென்னைக்குக் கொண்டுவந்தது. கம்பெனியின் வேலையையும் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனையோடு அது வேப்பேரியில் ஃபப்ரிஷியஸ் கைக்குப் போயிற்று. 1779ல் அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி வேப்பேரியிலிருந்து வந்தது. பீரங்கி கொண்டுவந்து சேர்த்த யந்திரம் அகராதி போட்டது.

இருபதாம் நூற்றாண்டில் வட்டம் மறுபடி திரும்புகிறது. லைனோடைப் யந்திரத்தின் உலோகம் சுமார் 4 சதவீதம் வெள்ளீயம், 12 சதவீதம் ஆண்டிமனி, மீதி காரீயம். குழலுக்குள் திருகுவரி வெட்டிய, வேகம் கூடிய நவீனத் துப்பாக்கிக்கு இறுகிய குண்டு வேண்டும். அமெரிக்காவில் வீட்டில் குண்டு வார்க்கிறவர்கள் இந்தக் கலவையைக் கண்டதும் விடவில்லை. 1978 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் தன் லைனோடைப்களை நிறுத்தியது. பத்திரிகைகள் ஒவ்வொன்றாக ஈயத்தைக் கைவிட்டன. தலையங்கமும் மரண அறிவிப்பும் அச்சடித்த உலோகம் எடைக்குப் போய், அதில் ஒரு பகுதி வீட்டுக் கொட்டகைகளில் குண்டாயிற்று.

ஆக, ஈயத்துக்குக் கட்சி இல்லை. அப்படியானால் சொல்லைத் தோட்டா என்பது சரிதானே என்று கேட்கலாம். இல்லை என்பதே என் வாதம். குண்டை இறுக்குவது ஒரு தடவை குழலைக் கடந்து போவதற்கு. எழுத்தை இறுக்குவது திரும்பத் திரும்ப அழுத்தம் தாங்குவதற்கு. கையால் கோர்க்கும் எழுத்தில் ஆண்டிமனி லைனோடைப்பைவிட அதிகமாக இருப்பது இதனால்தான். நம் சிறுபத்திரிகைகளை அச்சடித்த சின்ன அச்சகங்களில் கவிதைக்குக் கோர்த்த எழுத்தை மறுநாள் பிரித்து அறை அறையாகப் போட்டுவிடுவார்கள். அதே ‘அ’ அடுத்த நாள் கல்யாணப் பத்திரிகைக்குப் போகும், அதற்கடுத்த நாள் கருமாதிப் பத்திரிகைக்கு. தேய்ந்தபின் எடைக்குப் போய்ப் புது எழுத்தாக வரும். குண்டுக்கு இந்தத் திரும்புதல் கிடையாது. இலக்கில் பட்டாலும் தப்பினாலும் அதன் ஆயுள் அத்தோடு சரி.

கவிதை இதில் எந்தப் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை. இருந்தும் தோட்டா என்றுதான் எழுதுவேன் என்பவர்கள், ஃப்ரெடரிக்கின் பெயருக்கு எதிரே இருக்கும் 936ஐயும் ஒருமுறை எழுதிப் பார்க்கலாம்.