மறுமலர்ச்சி: வேர் உள்ள சொல்

‘மறுமலர்ச்சி’ என்றால் மீண்டும் மலர்தல். ஐரோப்பிய வரலாற்றில் வரும் ‘ரெனசான்ஸ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நேர்ப்பொருள் மறுபிறப்பு. தமிழில் மறுபிறப்பு என்பது இறந்தபின் எடுக்கும் பிறவி. மறுமலர்ச்சிக்கு இறப்புத் தேவையில்லை. பூ உதிர்ந்தாலும் செடி நிற்கிறது. 1946இல் யாழ்ப்பாணத்து எழுத்தாளர்கள் தங்கள் இதழுக்கு இட்ட பெயரும் ‘மறுமலர்ச்சி’தான்.

கண்டியில் வாழும் எனக்கு இச்சொல்லின் பொருளை விளக்கப் பக்கத்திலுள்ள பேராதனை போதும். அங்கே பல்கலைக்கழகத்தில் கற்பித்த சு. வித்தியானந்தன், மாணவர்களைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்பன தொடர்ந்தன. வட்டக்களரியில் விடிய விடிய ஆடிய கூத்தை நவீன மேடைக்காகச் சுருக்கினார். ஆனால் ஆட்டமும் பாட்டும் அவர் புதிதாக உண்டாக்கியவை அல்ல. மட்டக்களப்புக் கிராமங்களில் அண்ணாவிமார் அவற்றைக் காத்து வைத்திருந்தார்கள்.

போருக்குப் பின் நாம் அதிகம் கேட்ட சொல் ‘புனரமைப்பு’. அதற்கு வேண்டிய சீமெந்தும் நிதியும் வெளியிலிருந்து வரலாம். மறுமலர்ச்சி அப்படி வராது. புதிய கலாசார மண்டபத்தின் திறப்பு விழாவுக்கு இச்சொல்லைப் பயன்படுத்த நான் தயங்குவேன். அந்த மண்டபத்தில் ஒரு முதியவர் பிள்ளைகளுக்குத் தாளக்கட்டுச் சொல்லிக் கொடுத்தால், அப்போது சொல் பொருந்தும்.

இடம்பெயர்வில் கூத்துக் கொப்பிகள் தொலைந்திருக்கலாம். பாட்டைப் பாடமாக வைத்திருப்பவர் உங்கள் ஊரில் இன்னும் இருக்கலாம். அவர் இருக்கும்போதே கேட்டுப் பழகுவதுதான் மறுமலர்ச்சியின் முதல் வேலை.