குக்கால் வண்டலும் கெண்டையின் இரையும்

மன்னவனூரை அடுத்த குக்கால் ஏரியின் வண்டலிலும் பாதரசம் உண்டு. கொடைக்கானல் நகரின் கோடை ஏரியில் அதைப்போல மூன்று, நான்கு மடங்குதான். ஆகவே அந்நகரில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பங்கு மிகைப்படுத்தப்படுகிறது என்றொரு வாசிப்பு இருக்கிறது. அது மொத்தப் பாதரசத்தை மட்டும் எண்ணுகிறது. தின்னும் உயிருக்குள் சேர்வதோ அந்த மொத்தம் அல்ல.

ஊனுண்ணும் கடல் நத்தைகளிடம் இது முன்பே தெளிந்த செய்தி. கொட்டலசு தன் உடலில் துத்தநாகத்தைப் பாஸ்பேட் மணிகளாக இறுக்கி வைத்துக்கொள்கிறது. மட்டிகளில் உலோகம் வேறு வடிவங்களில் தங்குகிறது. ஓட்டைத் துளைத்து உள்ளிருப்பதைத் தின்னும் நத்தைக்கு எவ்வளவு ஒட்டும் என்பதை இரையிலுள்ள உலோகத்தின் வடிவமும் நத்தையின் செரிமான வலுவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

இதே கண்ணோடு, ஐதராபாத்திலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மைய ஆய்வகத்தார் 2006இல் வெளியிட்ட அளவீடுகளைப் பார்க்கலாம். வண்டலில் மொத்தப் பாதரசம் கோடை ஏரியில் 276–350, பேரிஜம் ஏரியில் 189–226, குக்காலில் 85–91. அதில் மெத்தில் வடிவம் முறையே சுமார் 6, 3–4, 2 விழுக்காடு. (அலகு மி.கி./கி.கி. என அச்சாகியிருக்கிறது. மைக்ரோகிராம் என்றே கொள்கிறேன். இல்லையேல் அதே அலகில் 120–290 எனத் தரப்பட்ட கோடை ஏரி மீன்கள் பாதரச நச்சுக்குப் பேர்போன ஜப்பானின் மினமாட்டா மீன்களையே விஞ்சிவிடும். விகிதங்களுக்கு அலகு பொருட்டல்ல.) பெருக்கிப் பார்த்தால் மெத்தில் பாதரசம் கோடை ஏரியில் 17–21, பேரிஜத்தில் 6–9, குக்காலில் 2க்கும் கீழ். இடைவெளி பத்து மடங்காகிறது. புரதத்தோடு பிணைந்து இரையிலிருந்து இரைகொல்லிக்கு ஏறிச் செல்வது இந்த வடிவமே. சேற்றைக் கிளறிப் புழுக்களை உறிஞ்சும் கெண்டைக்கு இந்தப் பத்து மடங்கே பொருள் உள்ளது.

6 விழுக்காடு நம்ப முடியாத அளவு என்பார்கள். பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டும், அப்போதும் ஐந்து மடங்கு. ஆலையின் வடிகால் பாம்பாறு சோலைப் பக்கம் போகிறது, ஏரிக்கு வருவதில்லை என்ற மறுப்பும் நெடுநேரம் நிற்காது: பாதரச ஆவி நீர்ப்பிரிமுகட்டைப் பார்த்துப் பரவுவதில்லை.

உண்மையில் தயக்கம் தருவது வேறொன்று. கோடை ஏரியில் விடுதிக் கழிவுநீர் கலக்கிறது. உயிர்வளி குன்றிய அந்தச் சேற்றில் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் மெத்திலாக்கத்தைத் தாமே விரைவுபடுத்தியிருக்கலாம். அப்படியானால் பத்து மடங்கு முழுவதும் ஆலையின் கணக்கு அல்ல. ஊரின் சாக்கடைக்கும் அதில் பங்குண்டு.

120–290 என்ற மீன் வீச்சை எடுத்தாள்வோர், எந்த மீன் எதைத் தின்று அந்த அளவைச் சேர்த்தது என்று கேட்பதில்லை. 1991இல் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் நெறிமுறைகூட இரைகொல்லி மீனுக்குக் கிலோவுக்கு 1 மி.கி., மற்றவற்றுக்கு 0.5 மி.கி. என்று பிரித்தே வரம்பு வைத்தது. குக்காலிலும் மன்னவனூர் ஏரியிலும் இனி ஆய்வுக்கு மீன் எடுப்பவர்கள், அது எதைத் தின்றது என்று அறியத் தசையோடு குடலையும் அறுத்துப் பார்க்க வேண்டும்.