இமையைப் புரட்டிப் பார்த்த காலம் முதல் செல்போன் போட்டோ வரை



அடுத்த மாதம் நம் கிளப் ஹவுசில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவ முகாம் நடக்கப்போகிறது. "ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை. செல்போனில் கண் இமையைப் போட்டோ எடுத்தால் செயற்கை நுண்ணறிவு இரும்புச் சத்துக் குறைவைச் சொல்லிவிடும்" என்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு இது அதிசயம், இன்னொரு கட்சிக்கு இது ஏமாற்று வேலை. நான் வங்கியில் கணக்கு எழுதியவன், மருத்துவன் அல்ல. ஆனாலும் என் பேத்தி விஷயமாக இதைக் கொஞ்சம் படிக்க வேண்டி வந்தது. படித்ததைச் சொல்கிறேன், முடிவை நீங்கள் எடுங்கள்.

கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. "பிள்ளை வெளுத்துப் போயிருக்கானே" என்று பாட்டிமார் சொல்லாத வீடு கிடையாது. சித்த வைத்தியத்தில் சோகைக்கு அயச்செந்தூரம் கொடுத்தார்கள். அயம் என்றால் இரும்பு. இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் சிடன்ஹாம் என்ற மருத்துவர், வெளிறிப்போன இளம்பெண்களுக்கு இரும்பு கலந்த மருந்து கொடுத்திருக்கிறார். அப்போது ரத்தத்தில் இரும்பு இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. 1740-களில் இத்தாலியின் போலோன்யா நகரத்தில் வின்சென்சோ மெங்கினி என்பவர் ரத்தத்தை உலர்த்தி எரித்து, அந்தச் சாம்பலில் காந்தத்தைக் காட்டினார். துகள்கள் ஓடி வந்து ஒட்டிக்கொண்டன. மருந்து முதலில் வந்தது, காரணம் பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லோருடைய கவலையும் அளப்பதைப் பற்றித்தான். 1878-இல் லண்டனில் வில்லியம் கவர்ஸ், ரத்தத்தைத் தண்ணீரில் கரைத்து நிறத்தை ஒப்பிடும் ஒரு சிறு கருவி செய்தார். 1900-இல் பின்லாந்தின் டால்க்விஸ்ட் அதையும் எளிதாக்கி, ஒற்றுத்தாளில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து, அச்சடித்த சிவப்பு அட்டையோடு ஒப்பிடச் சொன்னார். சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் சாலி செய்த கருவி வந்தது. நம் தலைமுறைக்கு அது நன்றாகத் தெரியும். 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தை அமிலத்தில் விட்டு, பத்து நிமிடம் காத்திருந்து, பழுப்பு நிறமானதும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே பக்கத்துக் கண்ணாடியின் நிறத்தோடு பொருத்துவார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் லேப்காரர் அந்தக் குழாயை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. வெயில் அடித்தால் ஒரு எண், மேகம் வந்தால் வேறு எண். ஆனாலும் பல பத்தாண்டுகள் நம் ஆஸ்பத்திரிகள் அதை வைத்தே ஓடின.

1980-களில் சுவீடனிலிருந்து ஹீமோக்யூ என்ற கையடக்கக் கருவி வந்தது. விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு, ஒரு நிமிடத்துக்குள் எண். நமது தேசியக் குடும்ப நல ஆய்வில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைச் சோதித்தது இந்த முறையில்தான்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 2015-16 ஆய்வில், 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் 58.6 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. 2019-21-இல் அது 67.1 ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 50.7 என்பது 57.4 ஆயிற்று. ஆனால் இடையில், 2016-18-இல், குழந்தைகளுக்கென்றே நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு 1 முதல் 4 வயது வரை சுமார் 41 சதவீதம் என்றது. வயது வரம்பில் சிறு வித்தியாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எழுதித் தள்ள முடியாது. முக்கியமான வேறுபாடு, முதல் ஆய்வு விரலில் குத்தியது, இரண்டாவது ஆய்வு நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தது. விரலைப் பிசைந்தால் ரத்தத்தோடு திசு நீரும் கலந்து எண்ணைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அரசு அடுத்த குடும்ப நல ஆய்விலிருந்து ரத்த சோகைச் சோதனையையே எடுத்துவிட்டு, நரம்பு ரத்தத்தை வைத்துத் தனி ஆய்வு நடத்த முடிவு செய்தது. கேஷ் டாலி ஆகாத ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே டாலி ஆகாதது லட்சக்கணக்கான குழந்தைகளின் கணக்கு.

அதே 2016-18 ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. 1 முதல் 4 வயதில் இரும்புச் சத்துக் குறைவு உள்ளவர்கள் 32 சதவீதம். சோகை 41, இரும்புக் குறைவு 32. அப்படியானால் இரண்டும் ஒன்றல்ல. நம் நோட்டீஸ் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. எனக்குள்ள ஒரே புகார் இதுதான்.

வங்கி உதாரணமே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் என்பது கவுண்ட்டரில் இருக்கும் ரொக்கம். ஃபெரிட்டின் என்ற சோதனை காட்டுவது ஸ்ட்ராங் ரூமில் இருக்கும் சேமிப்பு. இரும்பு வரத்துக் குறைந்தால் முதலில் காலியாவது ஸ்ட்ராங் ரூம்தான். கவுண்ட்டரில் பட்டுவாடா நடந்துகொண்டே இருக்கும், வாசலில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில்தான் கவுண்ட்டர் காலியாகும், அப்போதுதான் இமை வெளுக்கும். கவர்ஸ், டால்க்விஸ்ட், சாலி, ஹீமோக்யூ, இப்போது செல்போன் எல்லாமே பார்ப்பது கவுண்ட்டரைத்தான்.

பெரியவர்களுக்கு இந்தத் தாமதம் களைப்போடு போய்விடலாம். குழந்தைக்கு அப்படி இல்லை. பெட்சி லோஸாஃப் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கோஸ்டா ரிக்கா நாட்டில் இரும்புச் சத்துக் கடுமையாகக் குறைந்திருந்த ஒரு வயது, ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்துச் சோகையைச் சரிசெய்து, 1980-களிலிருந்து அவர்கள் 19 வயதாகும் வரை தொடர்ந்து பார்த்தார். ரத்தம் சரியாகியும், அறிவுத்திறன் சோதனைகளில் அவர்கள் மற்றப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியே இருந்தார்கள். மூளை வேகமாக வளரும் காலத்தில் ஏற்படும் பற்றாக்குறையைப் பிறகு வட்டியோடு கட்டினாலும் ஈடாகவில்லை.

என் பேத்திக்கு ஒன்றே முக்கால் வயது. மருமகள் ஏதோ ஒரு செயலியில் இமையைப் போட்டோ எடுத்தாள், 'சரியாக இருக்கிறது' என்று வந்தது. செயலி பொய் சொல்லவில்லை. லேபில் ஹீமோகுளோபின் 11.2. ஆனால் ஃபெரிட்டின் 7 தான். ஐந்து வயதுக்குள் 12-க்குக் கீழே போனால் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழந்தை ஒரு நாளைக்கு ஐந்து தடவை பால் குடித்துவிட்டுச் சோற்றைத் தொடாமல் இருந்ததை டாக்டர் கேட்டுத் தெரிந்துகொண்டார். சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றதையும் அப்போதுதான் சொன்னோம். அது அடம் என்றே அதுவரை நினைத்திருந்தோம்.

இனி செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். அதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. 1973-இல் வில்லியம் மென்ட்சர் என்ற மருத்துவர், ரத்த அணுக்களின் சராசரி அளவை அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கச் சொன்னார். 13-க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவாக இருக்கலாம், கீழே வந்தால் தலசீமியா என்ற பரம்பரைக் கோளாறின் கூறாக இருக்கலாம். அளவு 68, எண்ணிக்கை 4 என்றால் 17. ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு! இன்று ஆய்வாளர்கள் இரண்டு எண்களுக்குப் பதிலாக ரத்தப் பரிசோதனையில் வரும் எல்லா எண்களையும் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, ஸ்ட்ராங் ரூம் காலியா என்று ஊகிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை தருவது இந்த வழிதான், ஆனால் இதற்கு ஊசி வேண்டும்.

போட்டோ வழி வேறு. 2018-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தார் விரல் நகத்தைப் படமெடுத்து ஹீமோகுளோபினைக் கணிக்கும் முறையை வெளியிட்டார்கள். அதைச் செய்த ராபர்ட் மனினோ தாமே தலசீமியா நோயாளி. ரத்தம் ஏற்றிக்கொள்வதற்கு முன்னும் பின்னும் தம் நகங்களையே படமெடுத்துப் பார்த்தவர். முறை நல்லதுதான், ஆனால் 2.4 கிராம் வரை கூடவோ குறையவோ காட்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 11 என்று வந்தால் 8.6 ஆகவும் இருக்கலாம், 13.4 ஆகவும் இருக்கலாம். 2023-இல் லண்டன் ஆய்வாளர்கள் கானா நாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இமை, வெண்விழி, கீழுதடு மூன்றையும் படமெடுத்துப் பார்த்தார்கள். தோலின் நிறம் குழப்பாத இடங்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு நன்றாக வந்தது. ஆனால் சோதித்த குழந்தைகள் நூறு பேர்கூட இல்லை.

கேஷியராக உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கப் புத்தகம் படித்துக் கற்பதில்லை. ஆயிரம் கட்டு எண்ணினால் விரல் தானாகச் சொல்லும். இந்த இயந்திரமும் அப்படித்தான் கற்கிறது. புது வரிசை நோட்டு வந்த வாரத்தில் எங்கள் விரல்களும் தடுமாறின. வேறு போன், வேறு வெளிச்சம், வேறு குழந்தைகள் என்றால் இதுவும் தடுமாறும். போதாததற்கு 2024-இல் உலக சுகாதார நிறுவனம் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்குச் சோகையின் எல்லையை 11-லிருந்து 10.5 ஆக்கியிருக்கிறது. பழைய எல்லையில் பழகிய இயந்திரத்துக்கு யாராவது அதைச் சொல்ல வேண்டும்.

முகாமுக்குக் குழந்தையைக் கூட்டி வாருங்கள், நானும் வருவேன். 'குறைவு' என்று வந்தால் ஊசிக்குப் பயப்படாமல் லேபுக்குப் போங்கள். கடையில் இரும்பு டானிக் வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் சிறு குழந்தைக்கு அது விஷம். 'சரி' என்று வந்தாலும், பால் மட்டுமே குடிக்கும் பிள்ளையாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பதிவுப் படிவத்தில் "மண், சுண்ணாம்பு, பல்பம் தின்னும் பழக்கம் உண்டா?" என்று ஒரு வரி சேர்க்கச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். சேர்த்துவிட்டார். எட்டாவது கேள்வி அது, விடாமல் நிரப்புங்கள்.