பெட்டியில் அச்சிட்ட வேகம்

2005 ஜனவரியில் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. பிஎஸ்என்எல் தன் 'டேட்டாஒன்' பிராட்பேண்டைத் தொடங்கியது. அதே மாதம் 28ஆம் தேதி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. வைஃபை ரூட்டர் நம் வீடுகளுக்குள் தடையின்றி வரத் தொடங்கிய காலம் இது. அன்று கடையில் கிடைத்த '802.11ஜி' ரகப் பெட்டியின் மேல் 54 மெகாபிட் என்று அச்சிட்டிருக்கும். அதற்குள் நுழைந்த கம்பியிலோ, 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை வகுத்த 256 கிலோபிட்தான் உறுதி. பெட்டி சொன்ன எண் கம்பியின் வேகத்தைப்போல் இருநூறு மடங்குக்கும் மேல். விலை உயர்ந்த ரூட்டரை நாம் எடைபோடும் முறை இந்த முதல் மாதத்திலேயே கோணலாகிவிட்டது என்பது என் கணிப்பு: அளக்க வேண்டியவை வேறெங்கோ இருக்க, அட்டைப்பெட்டியின் எண்ணையே அளவுகோலாக்கிக்கொண்டோம்.

இதற்கு மாறான வழியும் இங்கேயே இருந்தது. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவும் மைடாஸ் நிறுவனமும் 1990களில் உருவாக்கிய 'கார்டெக்ட்' வீட்டுச் சுவரில் மாட்டும் கம்பியில்லாக் கருவி. தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே 35 கிலோபிட் இணையம். பேச்சு இல்லாவிட்டால் 70. இன்று கேட்கச் சிரிப்பாக இருக்கும் எண்கள். ஆனால் ஓர் இணைப்புக்கு ஆகும் செலவை எப்படிக் குறைப்பது என்ற கேள்வியிலிருந்து வடிவமைப்பு தொடங்கியது. வேகம் அந்தக் கேள்விக்கு அடுத்துத்தான் வந்தது.

இப்போதுதான் ஃபைபர் வந்துவிட்டதே, நூறு மெகாபிட்டும் அதற்கு மேலும் கிடைக்கிறதே, இனியும் பெட்டியைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கம்பி என்ற தடை பல வீடுகளில் விலகிவிட்டது உண்மை. ஆனால் அதன் இடத்தில் சட்டம் நிற்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலம் இங்கே தாராளமாகத் திறந்தது 2018 அக்டோபரில்தான். அதற்கு முன் இருந்த அனுமதி துண்டுதுண்டானது, பெரும்பாலும் கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியானது. 6 கிகாஹெர்ட்ஸ் கதை இன்னும் தெளிவானது. அமெரிக்கா 2020 ஏப்ரலில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. இந்தியாவில் வரைவு விதிகளே 2025 மே மாதம்தான் வந்தன, அதுவும் 500 மெகாஹெர்ட்ஸுக்கு. வைஃபை 7இன் பெருமையே 320 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பாதை. அமெரிக்க அளவில் அப்படி மூன்று பாதைகள் போடலாம். 500க்குள் ஒன்றுதான் அடங்கும். ஒரே பெட்டி, ஒரே சில்லு, ஆனால் நாட்டுக்கு நாடு வேறு கருவி. தவிர, பெட்டி மேல் இருக்கும் எண் பெரும்பாலும் கூட்டல் கணக்கு. 'ஏசி1900' என்றால் ஓர் அலைவரிசையில் 600, இன்னொன்றில் 1300. ஒரு மடிக்கணினி இரண்டையும் சேர்த்து ஒருநாளும் கண்டதில்லை.

அப்படியானால் வன்பொருளைப் பார்க்கவே வேண்டாமா? வேண்டும், வேறு இடத்தில். லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டர் 2002 இறுதியில் வந்தது. அதன் மென்பொருளில் லினக்ஸ் இருப்பது தெரியவந்ததும், லினக்ஸின் உரிமப்படி 2003இல் மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அந்த நிரலிலிருந்துதான் 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல ரூட்டர் மென்பொருள் கிளம்பியது. 2005இல் அதே பெயரில் வந்த ஐந்தாம் பதிப்பில் ராம் 16 மெகாபைட்டிலிருந்து எட்டாகவும், ஃபிளாஷ் நான்கிலிருந்து இரண்டாகவும் குறைந்தன; லினக்ஸும் போயிற்று. அதே நீலக் கறுப்புப் பெட்டி, அதே 54. பழைய உள்ளமைப்பைக் கேட்டவர்களுக்கு 'ஜிஎல்' என்று தனி ரகம் விற்றார்கள். வேகம் மட்டும் பார்த்து வாங்கியவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படவே வாய்ப்பில்லை. நினைவகம், செயலி, எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் வரும் என்ற உறுதி ஆகியவையே கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

வெளித்தோற்றத்தை விட்டு உள்ளிருப்பதை எடைபோடும் இந்தப் பார்வை, பட்டு நெய்யும் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. அரசின் சரிகை ஆலை இயங்கும் இந்த ஊரில், சேலையின் மதிப்பைப் பளபளப்பு முடிவு செய்வதில்லை. சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்பதே பேச்சு. ரூட்டருக்கு இதோடு வீட்டின் அமைப்பையும் சேர்க்க வேண்டும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களின் பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளமாக உள்ளே போகும். முன்பகுதியில் தறி, கடைசியில் அடுப்படி, நடுவே கெட்டியான செங்கல் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தச் சுவர்களில் 2.4ஐவிட வேகமாக வலுவிழக்கும். 6 இன்னும் கொஞ்சம் அதிகமாக. அனுப்பும் ஆற்றலுக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருப்பதால், எட்டு ஆன்டெனா பெட்டியும் அதைத் தாண்டிக் கத்த முடியாது. கைப்பேசியின் பதில் அலை அதைவிடவும் பலவீனமானது. விலை உயர்ந்த ரூட்டரால் அந்தப் பலவீனத்தை முழுதாக ஈடுகட்ட முடியாது. வாசலருகே ஒன்று, பின்கட்டில் ஒன்று, நடுவே ஓர் ஈதர்நெட் கம்பி என்று சாதாரணப் பெட்டிகள் இரண்டை வைத்தால், ஒரு உயர்ரகப் பெட்டியின் விலையிலேயே மிச்சமும் இருக்கும்.