சேதாரம்

வன்னியம்பட்டியிலிருந்து ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ நகை எடுக்கப் போகிறவர்கள் பில்லில் கேள்வி கேட்காமல் விடும் சொல் சேதாரம். ‘சேதம்’ என்பதன் உறவு இது. வடமொழியில் அதற்கு வெட்டு என்று பொருள். சிரச்சேதத்தில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. தமிழில் அது இழப்பாகி, பயிர்ச்சேதம் வரை வந்தது. ஆசாரி அராவும்போது உதிரும் பொன்தூள்தான் பட்டறையில் சேதாரம். இன்றோ கடையில் 8 கிராம் சங்கிலிக்குச் சேதாரம் 12 சதவீதம் என்றால் 0.96 கிராம்; கிட்டத்தட்ட ஒரு கிராம் பொன்னின் விலை. அதன் மேலும் ஜிஎஸ்டி ஏறும். நுணுக்க வேலைக்குக் காசு வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான், அதற்குச் ‘செய்கூலி’ என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே! கூலி என்றால் பேரம் பேசலாம், சேதம் என்றால் யாரும் பேசுவதில்லை. ‘செய்கூலி இல்லை’ என்ற விளம்பரத்தின் சூட்சுமமே அதுதான். தங்கம் விலை ஏறினால், வேலை கூடாமலே சேதாரத் தொகையும் ஏறுகிறது. ஆகவே சதவீதத்தை விட்டு, ரூபாயில் எவ்வளவு என்று கேட்டு இரண்டு கடைகளை ஒப்பிடுவதே வழி. அதே நகையைப் பழசாகப் போட்டால் எடைக்குத்தான் காசு. கொடுத்த சேதாரம் கணக்கிலேயே வராது.