சீட்டில் வந்த பத்து அவதாரம்

கிள்ளானில் 1892-ஆம் ஆண்டில் தோன்றிய சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அன்பர் கூட்டம் அலைமோதும். அங்கே மீனாகவும் ஆமையாகவும் பன்றியாகவும் வடிவம் மாறிய திருமாலின் கதையை அறியாதார் இலர். அந்தப் பத்து வடிவங்களும் ஒரு காலத்தில் சீட்டுக் கட்டிலும் ஏறின என்பது பலர் அறியாத செய்தி.

அச்சீட்டுகளுக்குத் தசாவதாரக் கஞ்சீபா என்று பெயர். சீட்டு வட்ட வடிவினது. அவதாரத்துக்கு ஓர் இனமாக இனங்கள் பத்து. ஓர் இனத்துக்கு அரசன், மந்திரி, ஒன்று முதல் பத்து வரையிலான எண் சீட்டுகள் என 12. ஆக மொத்தம் 120. ஐவர் ஆடினால் ஆளுக்கு 24 சீட்டு. பாதி இனங்களில் எண் கூடக் கூட மதிப்பு ஏறும். மறு பாதியில் ஒன்றே உயர்ந்தது, பத்தே தாழ்ந்தது. பல ஊர்களில் பகலில் ஆடினால் இராமன் இனத்து அரசனை உடையவர் ஆட்டத்தைத் தொடங்குவர். இரவாயின் கண்ணன் இனத்தவர்க்கு அவ்வுரிமை. வடிவம் மாறும் தலைவனை நடுவில் நிறுத்தினால் ஆட்டத்தின் முறையும் அவனோடு மாறுகிறது.

இவ்வாட்டம் எவ்வளவு பழமையானது? வங்காளத்து விஷ்ணுபுரத்துச் சீட்டுகளை ஆராய்ந்த அறிஞர் ஹரப்பிரசாத் சாஸ்திரி, 1895-இல் ஒரு கருத்தை வெளியிட்டார். அத்தொகுதியில் புத்தருக்குத் தரப்பட்டுள்ள இடத்தைச் சான்றாகக் கொண்டு, ஆட்டம் ஏறத்தாழ 1,100 அல்லது 1,200 ஆண்டுப் பழமை உடையது என்றார். கேட்பவர் நெஞ்சுக்கு இனிய முடிவு இது. எனினும் இனிமை வேறு, சான்று வேறு.

கஞ்சீபா பற்றிய தெளிவான குறிப்பு பாபரின் நினைவுக் குறிப்பில் கிடைக்கிறது. 1527-இல் அவர் சிந்து நாட்டு ஷா ஹசனுக்கு இச்சீட்டுகளை அனுப்பினார். அக்பர் அவைச் செய்திகளை எழுதிய அபுல் பசல், 12 இனங்களும் 144 சீட்டுகளும் கொண்ட ஆட்டத்தை விரித்துரைக்கிறார். அசுவபதி, கஜபதி, நரபதி என்னும் வடமொழிப் பெயர்கள் அங்கே உண்டு. பத்து அவதாரங்கள் இல்லை. மொகலாயரிடையே வழங்கிய எட்டு இன ஆட்டத்திலும் இனத்துக்கு 12 சீட்டுகளே. அரசனும் மந்திரியும் அங்கும் உண்டு. பாதி இனங்களில் எண்ணின் மதிப்புத் தலைகீழாவதும் உண்டு. இத்தனை பொருத்தமும் தற்செயலாக அமைதல் அரிது. அக்பர் காலத்து மன்னன் வீர ஹம்பீரனே இச்சீட்டை விஷ்ணுபுரத்துக்குக் கொணர்ந்தான் என்னும் அவ்வூர் வழக்கும் இதனோடு ஒத்துப்போகிறது. பின்னாளில் கஞ்சீபாவை விரிவாக ஆராய்ந்த ருடால்ப் வான் லைடனும் மொகலாயத் தொடர்பையே வற்புறுத்தினார். புத்தரின் இடம் பழைய வரிசை ஒன்றின் நினைவாகலாம். அதனால் ஆட்டமே பழையது என்று முடிவு கட்டல் இயலாது.

ஆயின் இது இரவல் ஆட்டம்தானே என்று இகழலாமா? ஆகாது. அரண்மனை அதிகாரிகளும் படைகளும் பொற்காசும் நிறைந்த கட்டினை எடுத்து, ஒரே தலைவனின் பத்துத் தோற்றங்களாகத் திருத்தியமைத்தவர் சிறந்த கற்பனையாளர். மைசூர் மன்னர் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) இன்னும் மேலே சென்று, 18 இனங்களும் 360 சீட்டுகளும் கொண்ட ஆட்டம் வரை வகுத்தார். எலும்பு பிறர் தந்தது. உயிர் இம்மண் தந்தது.

துணியை அடுக்கிப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, வண்ணம் தீட்டிச் செய்யும் இச்சீட்டுகளை விஷ்ணுபுரத்துப் பௌஜ்தார் குடும்பத்தார் இன்றும் செய்கின்றனர். வாங்குவோர் பெரும்பாலும் அழகுக்காகவே வாங்குகின்றனர். ஆடத் தெரிந்தவர் மிகச் சிலர். அச்சிட்ட மலிவான 52 சீட்டின் முன் இது நிற்கவில்லை.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வரலாறு இரண்டு பாடம் தரும். பழமையைப் பேசுமுன் சான்றைத் தேட வேண்டும் என்பது ஒன்று. வேற்று நாட்டிலிருந்து வந்த பொருளையும் நம்முடையதாக்கிக் கொள்ளலாம் என்பது மற்றொன்று. கடல் கடந்து வந்து கோயில் கட்டிய மக்களின் பிள்ளைகளுக்கு இரண்டாவது பாடத்தை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.