கச்சான் சரை பிறந்த கதை

ஒரே வாயகலமும் ஒரே உயரமும் கொண்ட குழாயையும் கூம்பையும் பக்கத்தில் வைத்தால், கூம்புக்குள் கொள்வது குழாயில் கொள்வதின் மூன்றிலொரு பங்குதான். நாங்கள் பள்ளிக்கூடத்தில் சூத்திரமாகப் பாடமாக்கிய இந்தக் கணக்கைக் கச்சான் விற்கும் ஆச்சிமார் சூத்திரம் இல்லாமலே அறிந்து வைத்திருக்கிறார்கள். தாளைக் கூம்பாகச் சுற்றிய சரை கையில் உயரமாக நிற்கும், வாயில் கச்சான் குவிந்து தெரியும். அடியிலோ கோது கழற்றாத ஒரு கச்சான் குறுக்காகக் கிடந்தால் அத்தோடு இடம் முடிந்தது. வாங்கினவருக்கு மனக்குறை இல்லை, விற்றவருக்கு நட்டமும் இல்லை. இவ்வளவு நேர்மையாக ஏமாற்றும் பாத்திரத்தை யார்தான் கண்டுபிடித்தார்களோ என்று யோசிக்கத் தோன்றும்.

தண்ணீரூற்று, முள்ளியவளை, குமுழமுனைப் பக்கம் கச்சான் விளையும் மண். பூ வாடிய பிறகு அதன் காம்பு கீழ்நோக்கி நீண்டு, நிலத்தைத் துளைத்துக்கொண்டு போய் உள்ளே காயாக முதிர்வது கச்சானின் குணம். மண் இறுகியிருந்தால் காம்பு இறங்காது. இறங்கினாலும் பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணுக்குள் நின்றுவிடும். மணல் கலந்த முல்லைத்தீவு நிலத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வரும். அதற்கு முன்னே கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். வன்னி முழுதும் அந்த வழியால் நடக்கும். றோட்டுக்கரைகளில் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம் இருந்த காலத்திலும், மின்குமிழ் வந்த பிறகும், தாச்சியில் மணலோடு கச்சான் புரளும் சத்தம் மாறவில்லை.

“ஆச்சி, ஒரு சரை தாங்கோ.”

“வறுத்ததோ தம்பி, அவிச்சதோ?”

கேட்டுக்கொண்டே அவரது கை ஒரு தாளின் மூலையைப் பிடித்துச் சுற்றும். நீளப்பக்கத்தின் நடுவில் கூர்நுனி விழும்படி சுற்றினால், நுனியில் தாள் பல மடிப்பாகச் சேர்ந்து இறுகும். கடைசி மூலையை உள்ளே செருகினால் பசை வேண்டாம், நூலும் வேண்டாம். கிழியக்கூடிய இடத்திலேயே தாள் கூடத் தடித்திருக்கிறது என்பதுதான் இந்த வடிவத்தின் கெட்டித்தனம்.

இந்தக் கைப்பழக்கம் தாளோடு வந்ததென்று நான் நம்பவில்லை. தாளுக்கு முன் எங்களிடம் பனையோலை இருந்தது. பனையோலை விசிறி போல மடிந்தபடியேதான் மரத்தில் பிறக்கிறது. ஈர்க்குகள் மடிப்புக்கோடு கீறிவைத்திருக்கின்றன. மனிதர் செய்ய வேண்டியதெல்லாம் எங்கே மூடுவது, எங்கே கட்டுவது என்று தீர்மானிப்பதுதான். ஓலையைக் குவித்து முடிந்தால் கூழும் கள்ளும் குடிக்கிற பிளா. மடித்துக் கோலினால் சோறு போட்டுச் சாப்பிடத் தட்டுவம். பெரிதாக மடித்துத் துலாவில் கட்டினால் கிணற்றுத் தண்ணீர் அள்ளும் பட்டை. தண்ணீரையே ஒழுகவிடாமல் பிடித்த மடிப்புக்கு முன்னால் கச்சான் எந்த மூலைக்கு? மடிக்கத் தெரிந்த கைக்கு இழைக்கவும் தெரிந்திருந்தது. சார்வோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுத்துப் பெட்டி இழைப்பார்கள், பாய் இழைப்பார்கள், கடகம் பொத்துவார்கள். குளக்கரைப் பன்புல்லும் இந்த வேலைக்கு வரும்.

ஓலை இருக்கும்போது தாள் ஏன் வந்தது? மலிந்ததனால்தான். சரைக்கு வேண்டியது பெறுமதி இல்லாத தாள். எழுதி முடிந்த தாள், வாசித்து முடிந்த தாள், யாரும் திருப்பிக் கேட்காத தாள். நாட்டில் எழுத்துப் பெருகாமல் அப்படிப்பட்ட தாள் பெருகாது. இலங்கையில் தமிழ்ப் பத்திரிகைக் கதை 1841இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் உதயதாரகையோடு தொடங்குகிறது. ஆனால் ஒரு பத்திரிகை பலர் கைமாறி வாசிக்கப்பட்ட காலத்தில் அதைக் கிழித்துச் சரை சுற்ற எவருக்கு மனம் வரும்? 1940களில் இலவசக் கல்வி வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கொப்பிகள் சேர்ந்தன. 1956இல் வாழைச்சேனையில் காகித ஆலை தொடங்கியது. அங்கே மூலப்பொருள் வைக்கோல். நெல் விளையும் கிழக்குக்கு அது பொருத்தமான ஏற்பாடு. வைக்கோலை அவித்துக் கூழாக்கக் காஸ்ரிக் சோடா வேண்டும். ஆனையிறவு உப்பிலிருந்து அதைச் செய்த இரசாயனத் தொழிற்சாலை பரந்தனில் இருந்தது. பிறகு 1980இல் அரசு இலவசப் பாடநூல் கொடுக்கத் தொடங்கியது. பாவித்து முடிந்த ஐந்தாம் வகுப்புச் சூழல் புத்தகமும் எட்டாம் வகுப்புக் கணக்குக் கொப்பியும் கச்சான் தட்டுக்கு வந்து சேர்ந்த வழி இதுதான். எனக்குக் கிடைத்த சரைகளில் கணக்கு விடைகள்தான் அதிகம். பெரும்பாலும் பிழை என்று சிவப்பு மையில் குறித்தவை.

உலகக் கதையும் இதற்கு எதிராக இல்லை. சீனத்தில் தாள் எழுத்துக்குப் பரவலாகுமுன்பே பொருள் பொதியப் பயன்பட்டது. தாங் அரசர் காலத்தில் தேயிலை மணம் போகாதிருக்கத் தாளை மடித்துத் தைத்துச் சதுரப் பை செய்தார்கள். பொதிவதுதான் தாளின் முதல் தொழில் என்றால், புத்தகத்தைக் கிழித்துச் சரை சுற்றுகிற ஆச்சி அதைத் தன் பழைய வேலைக்கே திருப்பி அனுப்புகிறார் என்று சொல்லலாம்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குத் தாள் மடித்தல், தாள் இழைத்தல் என்று கைப்பணி உண்டு. வர்ணத்தாளை நாடாவாக வெட்டி ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோப்பது. அந்தப் பாடத்தின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 1837இல் பாட் பிளாங்கன்பூர்க்கில் ஃபிரெடரிக் ஃபுரோபெல் தொடங்கிய சிறுவர் கூடத்தில் மடித்தலும் இழைத்தலும் முறையான பயிற்சிகள். அது உலகம் சுற்றிச் சென்னைக்கு வந்தபோது, சுந்தர ராவ் என்பவர் வெறும் தாளை மடித்தே வடிவியலை நிறுவலாம் என்று கண்டு, 1893இல் அங்கே ஓர் ஆங்கில நூலை அச்சிட்டார். கவராயமும் அடிமட்டமும் இல்லாமல் ஐங்கோணம், அறுகோணம் எல்லாம் அதில் மடிப்பாலேயே பிறக்கின்றன. அந்த நூல் பின்னர் சிக்காகோவில் மறுபதிப்பும் கண்டது. எங்கள் பிள்ளையோ வீட்டில் அம்மம்மா கடகம் பொத்துவதைப் பார்த்தபடி வளர்ந்து, பள்ளிக்கூடம் போய் ஜெர்மன் வழியில் இழைக்கப் பழகிற்று. அம்மம்மாவை ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிட்டிருந்தால் பாடத்திட்டத்தில் பாதி மிச்சமாகியிருக்கும்.

சரை கால் றாத்தலுக்கு மேல் தாங்காது. சீனிக்கும் பருப்புக்கும் பை வேண்டும். அதற்கு வந்த பெரிய வரம் சீமெந்துப் பேப்பர். 1879இல் டான்சிக் நகரில் கார்ல் டால் என்ற இரசாயனவியலாளர் கண்ட முறையால் மரநாரின் வலு குறையாமல் தாள் செய்ய முடிந்தது. அந்த மண்ணிறத் தாளே பிறகு பல அடுக்காகச் சீமெந்துப் பை ஆனது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய பின் வடக்கில் அதற்குப் பஞ்சமே இருக்கவில்லை. வாய்த்தையலில் சரியான நூலைப் பிடித்து இழுத்தால் முழுத்தையலும் ஒரே இழுவையில் கழன்று வரும். பிழையான நூலைப் பிடித்தவர் கத்தி தேட வேண்டியதுதான். தூசு தட்டி, அடுக்குகளைப் பிரித்து, சீமெந்து பட்ட உள்தாளை ஒதுக்கி, நடுத்தாளை வெட்டுவார்கள். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, அளவுக்கு ஒரு பலகையை வைத்து மடித்து ஒட்டினால் ஒரு றாத்தல் பை, இரண்டு றாத்தல் பை. வீட்டுப் பெண்கள் பின்னேரங்களில் செய்து கட்டுக்கட்டாகக் கடைக்குக் கொடுத்த சிறு வருமானம் அது. அடி சதுரமாக நிற்கும் பையை இயந்திரத்தால் மடிக்க வைத்தவரும் ஒரு பெண்தான். அமெரிக்காவின் மார்கரெட் நைட் 1871இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவரது மாதிரியைப் பார்த்த ஓர் ஆண் முந்திக்கொண்டு தன் பெயரில் பதிய, வழக்காடி வென்றே அவர் உரிமையை எடுத்தார்.

1990இல் போர் மீண்டும் மூண்டது. காங்கேசன்துறை ஆலை நின்றது. வன்னிக்குப் பொருளாதாரத் தடை விழுந்தது. தடைப்பட்டியலில் எரிபொருளும் பற்றரியும் இருந்ததை எல்லோரும் எழுதியாயிற்று. ஜாம் போத்தலில் பஞ்சு வைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்த கதையை அந்தத் தலைமுறை இன்னும் சொல்லும். மடிக்கிறவர், இழைக்கிறவர் கண்ணால் அந்தப் பட்டியலைப் பார்த்தால் வேறு இரண்டு பெயர்கள் உறைக்கும். சீமெந்து, யூரியா. சீமெந்து வராவிட்டால் நல்ல தாள் வராது, யூரியா வராவிட்டால் உரப்பை வராது. வீட்டில் இருந்த மிக வலுவான இரண்டு பொதிகளும் ஒரே உத்தரவில் நின்றுபோயின. அச்சுத்தாளுக்கும் அதே கதி. நாளேடுகள் கோடு போட்ட கொப்பித்தாளில்கூட அச்சாகி வந்த காலம் அது. அப்படி வந்த பத்திரிகையைச் சரை சுற்றுமுன் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? கடைக்காரர் பழையபடி ஓலைப்பெட்டியில் அளந்து போட, சாமான் வாங்கப் போகிறவர் பையோடு போனார். கையில் பை இல்லாமல் கடைக்குப் போவது அந்த நாட்களில் பணம் இல்லாமல் போவதற்குச் சமம்.

2002இல் வன்னிக்கூடாகப் போகும் ஏ9 வீதி திறந்ததும் எல்லாம் ஒன்றாக வந்தன. பிஸ்கட் பெட்டி, பால்மா மட்டை, சீமெந்து, கூடவே பொலித்தீன் சொப்பிங் பை. அந்தப் பையும் ஒரு மடிப்பு வேலைதான். 1960களில் சுவீடனின் ஸ்டென் துலின் தட்டையான பிளாஸ்ரிக் குழாயை மடித்து, ஒட்டி, ஒரு வெட்டு வெட்டிக் கைபிடியாக்கினார். ஓலையும் தாளும் நூற்றாண்டாய்ப் பழக்கிய கையை அது சில வருடங்களில் சும்மா இருக்கச் செய்துவிட்டது. 2006 ஆவணியில் வீதி மறுபடி பூட்டியது. பிறகு நடந்த போர் எல்லோருக்கும் தெரியும். ஊர் பெயர்ந்து, தறப்பாளின் கீழ் இருந்து, 2009க்குப் பின் திரும்பி வந்தவர்களின் காணிகளில் நிவாரணச் சாக்குகள்தான் மிஞ்சிய பொதி. உலக உணவுத் திட்டத்தின் எழுத்துப் பொறித்த சாக்கைப் பிரித்துப் படங்காக விரித்தார்கள், வெட்டித் தைத்துப் பையாக்கினார்கள். எந்தக் காலத்தில் வன்னிக்குள் என்ன வர விட்டார்கள் என்று அறிய அரச ஆவணம் தேட வேண்டியதில்லை என்று எனக்குப் படும். அந்தக் காலத்துப் பை எதனால் ஆனது என்று ஒரு கடைக்காரரைக் கேட்டால் போதும்.

2017 சித்திரையில் கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து ஆட்களை மூடிய பிறகு, அதே ஆண்டு செப்டெம்பர் 1 முதல் மெல்லிய பொலித்தீனுக்கும் ரெஜிபோம் உணவுப் பெட்டிக்கும் அரசு தடை போட்டது. தாள் பைக்குப் பேச்சளவில் மறுவாழ்வு. பயிற்சி வகுப்புகளில் சஞ்சிகைத் தாளை நீளமாக மடித்து நாடாவாக்கிக் கூடை இழைப்பதும் காட்டப்படுகிறது. வெட்டு ஓரம் உள்ளே மறையும்படி மடிப்பது இதில் முக்கியம். மடியாத தாள் ஓரத்தில் கிழியும். பார்த்தால் பெட்டி இழைப்பின் அதே முறை. ஆனால் ஓலைப்பெட்டி நனைந்தால் காயும், தாள்கூடை நனைந்தால் கூழாகும். அதைக் கடகத்துக்கு ஈடென்று யாரும் விற்க வேண்டாம். மேசையில் பேனை போட நல்லது. 2022 பங்குனியில் தாளே இல்லாமல் மேல்மாகாணத் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போனபோது, பழைய கொப்பிக்கு எவ்வளவு மதிப்பு என்று நாடு முழுதும் ஒருமுறை கணக்குப் பார்த்தது.

ஓர் எச்சரிக்கையையும் விட முடியாது. அச்சு மையில் உடலுக்கு ஆகாத இரசாயனங்கள் உண்டு. சூடும் எண்ணெயும் பட்டால் அவை உணவில் இறங்கும். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே பத்திரிகைத்தாளில் உணவு பொதிய வேண்டாம் என்று அறிவுறுத்தியது. வடையும் றோலும் பத்திரிகைத்தாளில் வாங்குவதை நான் நிறுத்தியாயிற்று. கோதோடு இருக்கிற கச்சானுக்கு ஆபத்துக் குறைவு, கோதில் எண்ணெய் இல்லை, தின்பது உள்பருப்பை. ஆனாலும் அச்சில்லாத தாள் கிடைத்தால் நல்லது. பொலித்தீனில் அடைத்து மெழுகுதிரியில் வாட்டி ஒட்டிய கச்சான் பக்கற்றுகள் பஸ்ஸுக்குள் வருகின்றன. ஆறவைத்துத்தான் அவற்றைக் கட்டுவார்கள். தாச்சியிலிருந்து நேரே எடுத்துப் பொலித்தீனில் போட்டால் ஆவி வெளியேற வழியின்றி உள்ளே வியர்த்து, கச்சான் நமத்துவிடும். சுடச்சுட விற்கிறவருக்கு இன்றும் தாள்தான் தோது.